தமனி அடைப்பில் வெள்ளை அணுக்களுக்கு என்ன வேலை?

கேள்வி: நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே தமனியில் அடைப்பை வளர்க்கின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் அவை கெடுதல் செய்ய வருவதில்லை, துப்புரவுக்குத்தான் வருகின்றன. எல்டிஎல் கொழுப்பு தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கிக் கெட்டுப்போகும்போது, தமனியின் உள்பக்கத்தை மூடியிருக்கும் உட்படலச் செல்கள் விகேம்-1 என்ற ஒட்டுப் புரதத்தை வெளியே நீட்டுகின்றன. ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வகை வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி, சுவருக்குள் நுழைந்து, கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களாகின்றன. அவற்றின் மேலுள்ள சிடி36 போன்ற புரதங்கள் கெட்ட கொழுப்பை அள்ளி உள்ளே தள்ளுகின்றன. செல் நிரம்பிவிட்டாலும் இவை அள்ளுவதை நிறுத்துவதில்லை. கடைசியில் அந்த அணு கொழுப்பு அடைத்த 'நுரை செல்'லாக அங்கேயே தங்கிவிடுகிறது. உள்ளே படியும் கொலஸ்ட்ரால் படிகங்கள் என்எல்ஆர்பி3 என்ற புரதத் தொகுப்பை உசுப்ப, அது இன்டர்லூகின்-1 பீட்டா என்ற, அழற்சியைத் தூண்டும் புரதத்தை வெளிவிடச் செய்கிறது. அதன் அழைப்பில் இன்னும் அணுக்கள் வந்து சேர்கின்றன.

கேள்வி: என் அண்ணனுக்குப் பாதி அடைப்புகூட இல்லை. மாரடைப்பு எப்படி வந்தது?

அடைப்பின் அளவைவிட அதன் மேல்மூடி எவ்வளவு உறுதி என்பதுதான் பல நேரங்களில் முக்கியம். மூடிக்கு வலு தருவது கொலாஜன் என்ற நார்ப் புரதம். மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் எம்எம்பி நொதிகள் அதை அரிக்கின்றன. டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா புதிய கொலாஜன் உருவாவதைத் தடுக்கிறது. மெலிந்த மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சிறிய அடைப்பும் நிமிடங்களில் முழு அடைப்பாகலாம்.

கேள்வி: எச்எஸ்-சிஆர்பி 4 வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

இது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் என்றால் இதயநோய்க்குக் கூடுதல் ஆபத்துப் பிரிவு. ஆனால் சளி, ஈறு வீக்கம்கூட இதை ஏற்றிவிடும். உடம்பு சரியாக இருக்கும்போது, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 10-ஐத் தாண்டினால் முதலில் வேறு தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

கேள்வி: அழற்சியைத் தூண்டும் இந்தப் புரதங்களை மருந்தால் அடக்கிவிட முடியாதா?

2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேர் இருந்தார்கள். இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் 150 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. எல்டிஎல் அளவு குறையாமலே இது நடந்ததுதான் எனக்குப் பெரிய செய்தி. அதே மருந்து உயிர் பறிக்கும் தொற்றுகளையும் கூட்டியது. காரணம், கிருமியோடு போராடவும் அதே புரதம்தான் வேண்டும். அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை வைத்து நடந்த ஆய்வில் இதயத்துக்குப் பயன் தெரியவில்லை. அழற்சியைக் குறைக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்துக்கு, இதயநோய்க்காகக் குறைந்த அளவில், 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தயவுசெய்து நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு முடக்குவாதம் இருக்கிறது. இதயத்தையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். மூட்டில் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்திலும் சுற்றுவதால் தமனிச் சுவரையும் எட்டுகின்றன. அடுத்த முறை மூட்டு மருத்துவரைப் பார்க்கும்போது ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.