யார் உடம்பில் குத்திப் பார்த்திருப்பார்கள்?

கேள்வி: கேப்டன் அமெரிக்காவுக்கு முன்பே ஒரு கறுப்பினக் கேப்டன் இருந்ததாக 'ட்ரூத்' என்றொரு காமிக்ஸ் சொல்கிறதாமே? சூப்பர் ஹீரோ கதையில் எதற்கு நிறவெறியைத் திணிக்கிறார்கள்?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: திணிக்க என்ன இருக்கிறது? கதையே ஊசியில்தானே ஆரம்பிக்கிறது! 1941-இல் வந்த முதல் இதழில் நோஞ்சான் ஸ்டீவ் ரோஜர்ஸுக்கு ஒரு சீரம் ஏற்றுகிறார்கள், பையன் பயில்வானாகி, கேப்டன் அமெரிக்கா ஆகிவிடுகிறான். மனிதன் மேல் சோதனை. நாம் கைதட்டினோம். 2003-இல் ராபர்ட் மொராலெஸ் எழுத்தும் கைல் பேக்கர் சித்திரமுமாக வந்த 'ட்ரூத்' கேட்டது ஒன்றுதான்: தொலைந்துபோன அந்தச் சீரத்தின் சூத்திரத்தை மீட்க யார் உடம்பில் குத்திப் பார்த்திருப்பார்கள்? (ஆக, 'முன்பே' அல்ல, பின்பு.) முந்நூறு கறுப்பினச் சிப்பாய்கள். தப்பியது விரல்விட்டு எண்ணும் அளவு. அவர்களில் ஐசையா பிராட்லி கேப்டனின் உடுப்பைத் திருடி மாட்டிக்கொண்டு ஜெர்மனிக்குள் புகுகிறான். திரும்பியவனுக்கு மெடல் இல்லை, சிறை.

கற்பனை என்கிறீர்களா? சரி, அலபாமாவின் டஸ்கீகிக்கு வாருங்கள். 1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். வைத்தியம் பார்க்காமல் விட்டால் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அவர்களிடம் சொன்னதோ "கெட்ட ரத்தம்". (பலர் நினைப்பதுபோல் இங்கே நோயை ஊசியில் ஏற்றவில்லை. அது 1946-48-இல், குவாத்தமாலாவில், இதே துறையின் கைங்கரியம்.) முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும், ஆள் வராமல் போய்விட்டால்? 'விசேஷ இலவச சிகிச்சை, கடைசி வாய்ப்பு' என்று கடிதம் போட்டார்கள். செத்தால் அடக்கச் செலவைக் கொடுத்துவிடுவார்கள். உடலை அறுத்துப் பார்க்க மட்டும் விட வேண்டும். நோயைக் குணமாக்கும் பெனிசிலின் வந்தும் கொடுக்கவில்லை.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேறு. ராணுவத்தில் சேர்ந்தால் எங்கே வைத்தியம் பார்த்துவிடுவார்களோ என்று, இவர்களின் பெயர்ப் பட்டியலை ஆள்சேர்ப்பு வாரியத்திடம் கொடுத்து, சிகிச்சை கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். காகிதத்தில் கேப்டன் ஹிட்லரோடு மோதிக்கொண்டிருந்த அதே வருடங்களில்! 1972-இல் பத்திரிகைகளில் நாறிய பிறகுதான் எல்லாம் நின்றது.

பேக்கரின் சித்திரங்கள் கார்ட்டூன்தனமாக இருப்பது எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் கடைசிப் பக்கத்தில், மனம் குழந்தையாகிப்போன கிழவர் ஐசையா, அந்தக் கிழிந்த உடுப்போடு ஸ்டீவ் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். திணிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.