பழைய கடிதம், பத்திரத்திலிருந்து குடும்ப வரலாறு: கேள்வி பதில்

கே: அக்கா, ரங்கூனிலிருந்து கொள்ளுத்தாத்தா எழுதிய தபால் கார்டில் 'விஷு வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கிறது. எந்த வருஷம் அது?

ப: தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், அதனால் விஷு என்றால் 1881, இல்லாவிட்டால் 1941. கார்டில் அச்சாகியிருக்கும் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் முன்னது, ஜார்ஜ் மன்னர் என்றால் பின்னது. 1941 என்றால் அது பொக்கிஷம்தான், ஏனென்றால் அந்த டிசம்பரிலேயே ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் ஊரே அவர்கள் கைக்குப் போனது, லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் பக்கமும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்தே வந்தார்கள். தாத்தா கப்பலில் வந்தாரா, நடந்து வந்தாரா, வரவே இல்லையா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முகவரிப் பக்கத்தில் கார்டு வந்து சேர்ந்த தபாலாபீஸ் முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். குடும்பம் அப்போது எந்த ஊரில் இருந்தது என்பதை அது காட்டிவிடும், இன்று நீங்கள் சொந்த ஊர் என்று சொல்வது வேறாக இருக்கலாம்.

கே: 1920களில் எழுதிய மூலப்பத்திரம் இருக்கிறது. அதில் நிலத்தைத் தவிர என்ன கிடைக்கும்?

ப: நிலத்தைவிட மனிதர்கள்தான் அதில் அதிகம். எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும், சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில் சில சமயம் பாட்டனார் வரைக்கும் போகும். செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியை, பலர் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். 'இன்னார் புஞ்சைக்குத் தெற்கு' என்று வருகிற அந்த இன்னார் பல நேரம் பாகம் பிரிந்த பங்காளியாக இருப்பார். சாட்சிக் கையெழுத்தில் மைத்துனரோ மாமனாரோ வரலாம். நிலவரிக் கணக்குக்கான ஆண்டாகிய பசலி போட்டிருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1335 என்றால் 1925 ஜூலை முதல் 1926 ஜூன் வரை.

கே: பாட்டிகள் பெயர் எதிலுமே இல்லையே அக்கா?

ப: மனசு ஆறாத விஷயம் இது. பெண்களுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு இல்லாத காலம், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தேடினால் கிடைக்காது. மஞ்சக்காணியாக, அதாவது பெண்ணுக்குச் சீதனமாக, நிலம் கொடுத்த பத்திரம், விதவைக்கு எழுதிய ஜீவனாம்சப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, இவற்றில் தேடுங்கள். எண்பது வயதில் ஒரு அத்தை இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். காகிதம் காத்திருக்கும்.

கே: நாங்கள் டர்பனில் இருக்கிறோம். முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்கு மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர்கள்.

ப: டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. தகப்பன் பெயர், வயது, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் அதில் உண்டு. வீட்டுக் காகிதங்களில் முதலில் காலனி எண்ணை, அதாவது ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுத்த பதிவு எண்ணை, தேடுங்கள், பெயரை வைத்துத் தேடுவதைவிட அது உறுதி. ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

கே: பழைய காகிதம் தொட்டாலே ஒடிகிறது, லேமினேட் செய்துவிடலாமா?

ப: வேண்டவே வேண்டாம், அந்தச் சூடும் பசையும் ஏறிய பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும், உறை இருந்தால் அதையும் படம் எடுத்துவிட்டு, மடிக்காமல் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணிக்குள் வையுங்கள்.