நாவல் அச்சாக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு காதல் நாவலைப் புனைபெயரில் செல்போன் செயலி ஒன்றில் தொடராக எழுதி முடித்தேன். சுமார் 60,000 வார்த்தைகள். நல்ல வரவேற்பு. அதைப் படித்ததாகச் சொல்லி ஒருவர் போனில் பேசினார். 48,000 ரூபாய் கட்டினால் 500 பிரதி அச்சிட்டு, ஐஎஸ்பிஎன் எண், பதிப்புரிமைப் பதிவு, நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு) எல்லாம் வாங்கித் தருவாராம். பாம்பன் பக்கத்துக் கதை விற்காது, ஊட்டிக்கு மாற்றுங்கள் என்கிறார். பதிவு செய்யாவிட்டால் யாராவது திருடிவிடுவார்கள் என்கிறார். ஒப்பந்தமும் வந்துவிட்டது, ஆங்கிலத்தில் இருப்பதால் முழுவதும் படிக்கவில்லை. அதையும், அவர் தந்த விலைப்பட்டியலையும், முதல் மூன்று அத்தியாயங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முழு நாவலையும் வேர்டு கோப்பாக அவருக்கு அனுப்பிவிட்டேன். நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா?

பதில்: வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

முதலில் திருட்டுப் பயத்தைப் பார்ப்போம். அதை வைத்துத்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள். நீங்கள் எழுதிய கதைக்குப் பதிப்புரிமை, எழுதிய அந்தக் கணமே உங்களுக்கு வந்துவிட்டது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நிற்கும். புனைபெயரில் வெளியாகி, எழுதியவர் யாரென்று வெளிப்படாமலே போனால் மட்டும் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். பதிவு கட்டாயமே இல்லை. வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்று கைகொடுக்கும், அவ்வளவுதான். அதற்கு அரசு வாங்கும் கட்டணம் ஓர் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் அவர் இதற்கு 7,500 போட்டிருக்கிறார்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு 3,000 போட்டிருக்கிறார். இந்தியாவில் அது இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை அதைத் தருகிறது. தனி எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அது புத்தகத்துக்கு ஓர் அடையாள எண். உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தரத்துக்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவு எளிதென்றால் தரகர் எங்கிருந்து முளைக்கிறார்? தமிழில் எழுதும் ஒருவர் தன் தமிழ் நாவலைப் பதிய ஆங்கிலப் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் பாதியிலேயே விட்டவர்கள் எத்தனையோ பேர். விண்ணப்பித்தால் பதில் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். ஒரு தமிழ்ப் படிவமும், கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆளும் இருந்தால் இந்த வியாபாரத்தில் பாதி அன்றைக்கே படுத்துவிடும். வருடக்கணக்காக இதைச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் ஊர் கல்லூரி மாணவி ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை போதும்.

அடுத்தது நூலக ஆணை. இதைச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பொது நூலகத் துறை புத்தகம் வாங்குவது அறிவிப்பு, விண்ணப்பம், தேர்வு என்ற வழியில். இன்ன புத்தகத்துக்கு ஆணை கிடைக்கும் என்று எந்தத் தனிமனிதராலும் உறுதி தர முடியாது. உறுதி தருகிறேன் என்பவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் தப்பான வழியைச் சொல்கிறார். தமிழ்நாட்டின் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. வீட்டு வரியோடு நாம் எல்லோரும் நூலக வரியும் கட்டுகிறோம். அப்படியிருந்தும் வாங்கும் காலம் தள்ளிப்போவதும், வாங்கிய புத்தகத்துக்குப் பணம் இழுத்தடிப்பதும் பதிப்பாளர்கள் எல்லோரும் அனுபவித்த கதை. அந்த ஆணையை நம்பி ஒரு தையல்காரர் நகையை அடகு வைத்தால், வட்டி ஏறுவதுதான் நடக்கும்.

இப்போது அந்த ஒப்பந்தம். ஆங்கிலத்தில் இருந்ததால் முழுவதும் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தேன். நான்காவது பத்தியில், நாவலின் அனைத்து உரிமைகளும், அதாவது அச்சு, மின்னூல், ஒலிநூல், சினிமா, வெப் சீரிஸ், மொழிபெயர்ப்பு எல்லாம், உலகம் முழுமைக்கும் நிரந்தரமாக அவருக்கு என்று இருக்கிறது. ஏழாவதில், நீங்கள் அடுத்து எழுதும் மூன்று நாவல்களும் அவருக்கே. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். துணியும் கொடுத்து, கூலியும் கொடுத்த பெண்ணிடம், தைத்த ரவிக்கை இனி எனக்குத்தான் என்று நீங்கள் சொல்வீர்களா? இவர் சொல்கிறார்.

சட்டம் இதில் எழுத்தாளர் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எந்த நாவல், எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாடுகள், எவ்வளவு ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு) என்பதெல்லாம் அதில் சொல்லப்பட வேண்டும். காலம் எழுதப்படாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆனால் ‘நிரந்தரம்’, ‘உலகம் முழுமைக்கும்’ என்று எழுதியதில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உதவாது. அதனால்தான் அவர் அந்த வார்த்தைகளை மறக்காமல் எழுதியிருக்கிறார்.

நல்ல பதிப்பகம் எழுத்தாளரிடம் பணம் வாங்காது. அச்சுச் செலவு அவர்களுடையது. புத்தக விலையில் 10 சதவீதம் ராயல்டி என்பது தமிழில் பரவலான வழக்கம். முதல் நாவலுக்கு அதைவிடக் குறைத்தும் பேசுவார்கள். தமிழில் அச்சில் வெளியிடும் உரிமை மட்டும், மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு மட்டும் கொடுங்கள். மின்னூலும் சினிமாவும் உங்களிடமே இருக்கட்டும்.

பதிப்பகம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒருநாள் போங்கள். காதல் நாவல், குடும்ப நாவல் அடுக்கில் இருந்து பத்துப் பதினைந்து புத்தகத்தை எடுத்து, தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று போட்டிருக்கிறதா, ‘உரிமை: பதிப்பகத்தாருக்கு’ என்றா? எந்தப் பதிப்பகம் எந்தப் பக்கம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். எத்தனையாவது பதிப்பு என்றும் பாருங்கள். ஒரே பதிப்பகத்தில் பல எழுத்தாளர்களின் முதல் நாவல் மட்டும் வந்து, யாருக்கும் இரண்டாவது இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். நல்ல பெயராக நாலைந்து குறித்துக்கொண்டு, மூன்று அத்தியாயமும் இரண்டு பக்கக் கதைச் சுருக்கமும் அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதுங்கள். பதில் வர மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்த நாவலைத் தொடங்கிவிடுங்கள்.

பணம் கட்டவே கூடாதா என்றால், ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தரகர்கள் அதற்குள்தான் ஒளிந்துகொள்கிறார்கள். நீங்களே பதிப்பாளராக இருந்து, அச்சகத்துக்கு அச்சுக்கூலி மட்டும் கட்டினால் அது தப்பில்லை. கொடுத்த பணத்துக்குப் பில் வரும், அச்சான பிரதி அத்தனையும் உங்களுக்கு வரும், உரிமை எதுவும் கைமாறாது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது அச்சகம் இல்லை, தரகர்தான். அச்சுக்கணக்கு ஃபாரத்தில் வரும். ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்தான் ஒரு ஃபாரம். நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில் ஒரு ஃபாரம் 16 பக்கம். உங்கள் நாவல் ஏறக்குறைய 280 பக்கம் போகும், அப்படியென்றால் 18 ஃபாரம், 288 பக்கம். 290 ஆனால் 19ஆவது ஃபாரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் லே-அவுட் செய்பவரிடம் 288க்குள் அடக்கச் சொல்லுங்கள். மதுரையிலும் சிவகாசியிலும் இரண்டு மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள். காகிதம் எத்தனை ஜிஎஸ்எம் (காகிதத்தின் எடைக் கணக்கு), அட்டைக்கு லேமினேஷன் உண்டா, பைண்டிங், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

500 பிரதி போடாதீர்கள். 50 அல்லது 100 பிரதி டிஜிட்டலில் போட்டால் ஒரு பிரதிக்கு விலை கூடும்தான், ஆனால் மாட்டிக்கொள்ளும் பணம் குறைவு. நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கட்டிலுக்கடியில் அடுக்கிய புத்தகக் கட்டு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பக்கம் நெளிந்து, ஓரம் பழுத்து, அட்டை லேமினேஷன் உரிந்து வரும். எப்படி அச்சிட்டாலும் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்தக் கணினியிலும் செல்போனிலும் திறந்து திருத்தக்கூடிய யூனிகோட் எழுத்தில் உள்ள திருத்திய கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பக்கம் வடிவமைக்கும் பல டிடிபி கடைகளில் பழைய எழுத்துருவில் மாற்றித்தான் வேலை செய்வார்கள். அதைத் திரும்ப மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும்.

கிண்டிலில் நீங்களே போடலாம். எழுத்தாளரே நேரடியாக வெளியிடும் அமேசானின் கேடிபி சேவை தமிழை ஏற்கிறது, செலவில்லை, மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன்னும் தேவையில்லை. ஒரு கண்ணி மட்டும் உண்டு. சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த நாவல் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. 10 சதவீதம் வரை மாதிரிக்கு விடலாம். உங்கள் நாவல் முழுக்கச் செயலியில் கிடக்கிறதே! முதலில் அதை இறக்குங்கள், அந்தச் செயலியின் விதிகளில் இறக்க முடியுமா என்றும் பாருங்கள். 90 நாள் முடிந்ததும் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் டிக்கை எடுத்துவிட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை.

புனைபெயர் தாராளமாக இருக்கட்டும். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது உங்கள் விருப்பம், அதில் யாருக்கும் பேச உரிமையில்லை. ஆனால் ஒப்பந்தம், பான், வங்கிக் கணக்கு எல்லாம் சொந்தப் பெயரில், ‘இன்ன புனைபெயரில் எழுதும்’ என்ற குறிப்போடு இருக்க வேண்டும். கேடிபியிலும் அட்டையில் புனைபெயர் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், ஊட்டி. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். உங்கள் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்தேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை, ராமேஸ்வரம் போகிறவர்கள் இந்தப் பக்கமே இறங்கி பஸ் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் மண்டபத்தில் இறங்கிய ஒருவன், பை வார் அறுந்து உங்கள் கதாநாயகியின் தையல் கடை வாசலில் வந்து நிற்கிறான். பாலம் திறந்துவிட்டால் அவன் அங்கே இறங்கவே காரணம் இருக்காது. காதலுக்குக் கெடு வைப்பது ஒரு ரயில் பாலம்! இதை எந்த மலை வாசஸ்தலத்துக்குக் கொண்டுபோவது? ஒரு வரிகூட மாற்றாதீர்கள்.

ஒரு திருத்தம் மட்டும். மூன்றாவது அத்தியாயத்தில் அவளுடைய சித்தப்பாவின் வள்ளம் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். வள்ளம் போன்ற நாட்டுப்படகு கடலுக்குப் போகும். ஒன்று அவரை விசைப்படகில் வேலைக்கு அனுப்புங்கள், அல்லது வள்ளம் கிடப்பதற்கு வேறு காரணம் சொல்லுங்கள். தங்கச்சிமடத்து வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

கோப்பை அனுப்பிவிட்டதால் எதுவும் கெட்டுவிடவில்லை. கையில் கோப்பு இருப்பதால் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது. தொடரை நீங்கள் பதிவேற்றிய தேதிகள் செயலியில் இருக்கின்றன. நாவலை இறக்கும் முன்பு ஒவ்வொரு அத்தியாயத்தையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பிறகு அந்த நபருக்கு இப்படி ஒரு செய்தி போடுங்கள்: “உங்கள் ஒப்பந்தத்தில் எனக்குச் சம்மதமில்லை. என் நாவலின் எந்த உரிமையையும் உங்களுக்குத் தரவில்லை. படிப்பதற்காக அனுப்பிய கோப்பை எந்த வடிவிலும் வெளியிடவோ பிறருக்குத் தரவோ கூடாது.” வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் போதாது, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மறுபடி போன் வந்தால், எதுவானாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.