மணலுக்குள் படுத்திருக்கும் சிங்கி: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் சிங்கி இறால் (லாப்ஸ்டர்) பற்றி எழுதியபோது பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், வாழும் முள் சிங்கிகளோடு நிறுத்திக்கொண்டோம். 'செருப்பு மாதிரி தட்டையா ஒண்ணு வருமே, அதை ஏன் விட்டீங்க' என்று கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்ளூர்ச் சந்தைகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. இந்த முறை அதற்கே இடம். கரையில் இதை ஊருக்கு ஒரு பெயர் சொல்லி அழைப்பதால், குழப்பம் வராமல் இங்கே 'மணல் சிங்கி' என்று எழுதுகிறோம்.

அண்ணாச்சி, மீன் மார்க்கெட்ல இதைப் பாத்தேன். ஒருத்தர் நண்டுங்காரு, இன்னொருத்தர் றாலுங்காரு. எது சரி? (வாசகி, பாளையங்கோட்டை)

நண்டும் இல்லை, சாதா றாலும் இல்லை. இது இரண்டுக்கும் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் சிங்கிக்குத்தான் இது நெருங்கிய பங்காளி. முள் சிங்கிக்குச் சாட்டை போல நீண்ட மீசை இருக்கும். மணல் சிங்கிக்கு அந்த மீசையே தட்டி அகலப்படுத்தியதுபோல இரண்டு பலகைகளாக முன்னால் நிற்கும். மண் தள்ளும் மண்வெட்டி மாதிரித் தெரிவது அதுதான். கண்கள் தலை ஓட்டின் இரு ஓரங்களில், மூலைக்கு ஒன்றாக, ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி இருக்கும். செருப்பு வடிவச் சிங்கிகளில் வேறு இனங்களும் உண்டு. கண் மூலையில் இருந்தால் கையில் இருப்பது மணல் சிங்கிதான் என்று உறுதியாகச் சொல்லலாம். மடிவலையில் (விசைப்படகு தரையோடு இழுக்கும் பை வலை) விரல் நீளத்தில் முதுகு கூனிய குட்டிச் சிங்கி ஒன்றும் வரும். அது மணல் சிங்கியின் குஞ்சு இல்லை, வளர்ந்தாலும் அவ்வளவே இருக்கும் தனி இனம்.

அறிவியல் பெயரிலும் ஒரு குழப்பம் இருந்தது. நம் கடலில் கிடைப்பதை நெடுங்காலம் 'தீனஸ் ஓரியண்டாலிஸ்' என்றே எழுதிவந்தார்கள். 2007-இல் இந்தப் பேரினத்தை மறுபடி ஆராய்ந்து ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள். அதன்பின் இந்தியக் கரைகளில் பெருவாரியாகப் பிடிபடுவது 'தீனஸ் யூனிமாக்குலேட்டஸ்' என்று தெரியவந்தது. 'ஒற்றைப் பொட்டு' என்பது அதன் பொருள். கால்களின் உட்பக்கம் ஊதாவும் கருப்பும் கலந்த திட்டு இருக்கும். சந்தையில் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள், தெரியும்.

கொடுக்கும் இல்லை, ஓடவும் மாட்டேங்குது. இது எப்படித்தான் பிழைக்குது? (வாசகர், நாங்குநேரி)

பகலில் நீங்கள் பார்ப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பகல் முழுக்க மணலிலோ மணல் கலந்த சேற்றிலோ உடம்பைப் புதைத்து, கண்ணும் சின்ன மீசையும் மட்டும் வெளியே தெரியும்படி கிடக்கும். தட்டை உடம்பு எதற்கு என்றால் இதற்குத்தான். பொழுது சாய்ந்தபின் எழுந்துவரும். வாலை மடக்கி அடித்தால் பின்னோக்கிப் பாயும். சிங்கி வகைகளிலேயே நன்றாக நீந்தத் தெரிந்தவை இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. முன்னால் இருக்கும் பலகைகள் அப்போது விமானத்தின் இறக்கைபோலத் தூக்கிப் பிடிக்க உதவும்.

சாப்பாடு பெரும்பாலும் மட்டி, சிப்பி வகைகள், கூடவே சின்ன இறால், புழு, செத்த மீன். மட்டியைக் கொடுக்கால் உடைப்பதில்லை. ஊசிபோன்ற கால் நுனியை ஓடுகளுக்கு நடுவே நுழைத்து நெம்பித் திறந்து, சதையைச் சுரண்டி வாய்க்குக் கொண்டுபோகும். ஆகவே மட்டி விளையும் மணல் தரையில்தான் இது இருக்கும், பாரில் தேடினால் கிடைக்காது. 10 முதல் 50 மீட்டர் ஆழம், நம் கணக்கில் ஏறத்தாழ 5 முதல் 27 பாகம், இதற்கு நல்ல இடம்.

நாங்க பார் ஓரமா சிங்கி வலை போடுதோம். முள் சிங்கி வருது, இது எப்பவாவதுதான் வருது. விசைப்படகுக்கு மட்டும் எப்படி அள்ளி வருது? (வாசகர், உவரி)

பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: பார் ஓரம். இடிந்தகரை, கூட்டப்புளிப் பக்கம் பார் நிறைந்த கரை, அங்கே முள் சிங்கியின் ராஜ்யம். மணல் சிங்கி பாருக்கு வெளியே, வெறும் தரையில். விசைப்படகின் இழுவை மடி தரையை உரசிப்போவதால் மணலுக்குள் கிடப்பதையும் கிளப்பி எடுத்துவிடுகிறது. இரவு இழுப்பில் இன்னும் கூடும், அப்போது அது தானே எழுந்து திரியும் நேரம். பெரும்பாலும் இறாலுக்குப் போட்ட மடியில் கூடவே வருவதுதான். இதற்கென்றே தனியாகத் தொழில் செய்வது குறைவு. கூண்டு வைத்தும் பயனில்லை. பொந்தில் ஒதுங்கும் பழக்கம் இல்லாத உயிர் கூண்டைத் தேடி வராது.

நீங்கள் பிடிக்க வேண்டுமானால் தரைவலையையோ டிஸ்கோ வலை எனும் மூன்றடுக்கு வலையையோ மணல் தரையில், ஈயக்கயிறு தரையோடு ஒட்டும்படி பொழுது சாயும்முன் போட்டு, விடிந்ததும் வாங்க வேண்டும். ஈயம் போதாமல் அடிக்கயிறு ஒரு முழம் தூக்கிவிட்டால் அடியில் ஊர்ந்தே போய்விடும். வெயில் ஏறியபின் வாங்கினால் மாட்டியது செத்து, நண்டும் கடல்பேனும் தின்ற ஓடுதான் மிஞ்சும்.

வலையிலிருந்து கழற்றுவதில்தான் காசு போகிறது. ஓட்டின் ஓரமெல்லாம் ரம்பப் பல். முன்னால் பிடித்து இழுத்தால் கண்ணி அந்தப் பல்லில் இறுகும், கால் கழன்று வந்துவிடும். வால் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எடுங்கள். இரண்டு மூன்று கண்ணி சிக்கியிருந்தால் வலையை அறுத்துவிடுங்கள். ஒரு கண்ணி பின்னும் கூலி, காலில்லாத உயிர்ச் சிங்கிக்குக் கழிக்கும் விலையைவிடக் குறைவு. கால் மறுபடி முளைக்கும், ஆனால் ஓடு கழற்றித்தான் முளைக்கும், உங்கள் கூடையில் முளைக்காது.

எடுத்ததும் கடல் தண்ணீரில் நனைத்த சாக்கைப் போட்டு நிழலில் வையுங்கள். கரைகிற ஐஸ் தண்ணீர் மேலே படக்கூடாது, நல்ல தண்ணீர் இதைக் கொன்றுவிடும். ஐஸ் வைத்தால் பாலித்தீன் பைக்குள் கட்டி, சாக்குக்கு மேலே வையுங்கள். செத்துப்போனதை உயிருள்ளதோடு கலக்காமல் உடனே தனியே எடுத்து, தலையைத் திருகி வாலை மட்டும் சம எடை ஐஸில் போடுங்கள். தலைக்குள் இருக்கும் ஈரலின் செரிமானச் சாறு வால் சதைக்குள் இறங்கினால் சதை கூழாகும். தலையோடு விட்டுவைத்த சிங்கி சமைத்தபின் மாவுமாவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முட்டைச் சிங்கியை விடணும்னு சொல்லுதாங்க. ஒண்ணு ரெண்டை விட்டா மட்டும் கடல் நெறஞ்சிருமா? (வாசகர், கூத்தங்குழி)

கணக்குப் பார்ப்போம். ஒரு பெண் சிங்கி ஆயிரக்கணக்கான முட்டைகளை வயிற்றடித் துடுப்புகளில் ஒட்டி வைத்து, ஐந்து வாரம் போலச் சுமக்கும். இறால் முட்டையைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். இது சுமப்பதால் முட்டையின் உயிர் தாயின் உயிரோடு கட்டிக் கிடக்கிறது. தாயை எடுத்தால் அத்தனையும் போச்சு. முட்டைச் சிங்கி ஒரே பருவத்தில் வந்து முடிந்துவிடுவதும் இல்லை. ஆகவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்கு இருக்கும் 61 நாள் தடை மட்டும் இதைக் காப்பாற்றிவிடும் என்று இருக்க முடியாது.

திருப்பிப் பார்த்தால் வயிற்றடியில் கொத்துக்கொத்தாகத் தெரியும். புது முட்டை பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். நாளாக ஆக மங்கி, பழுப்பாகும். உள்ளே கரும்புள்ளியாகக் குஞ்சின் கண் தெரிந்தால் பொரிய இன்னும் சில நாள்தான், அதைக் கட்டாயம் விடுங்கள். விடும்போது உயரத்திலிருந்து வீசாமல் தண்ணீரோடு தண்ணீராக, மணல் தரைக்கு மேலே விடவேண்டும். தாமதிக்காமல் விட்டால் பிழைத்துக்கொள்ளும், ஓடு கெட்டியான உயிர். வெயிலில் கிடந்து காய்ந்தபின் விடுவது கணக்குக்கு மட்டும்தான்.

முட்டையைப் பிரஷ் போட்டுச் சுரண்டிவிட்டு விற்பவர்களும் உண்டு. துடுப்பில் முட்டை ஒட்டியிருந்த நீண்ட மயிர்களும் அவற்றில் சிக்கிய துணுக்குகளும் காட்டிக்கொடுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே பேரினத்தை 'மோர்ட்டன் பே பக்' என்று விற்கிறார்கள். அங்கே முட்டையோடு வருவதைக் கடலிலேயே திருப்பி விட்டாக வேண்டும், சட்டம்.

ஒன்றிரண்டு என்ன ஆகும் என்று மும்பைக் கரையிலும் கேட்டிருப்பார்கள். அங்கே 1980-களில் மணல் சிங்கி நல்ல வருமானமாக இருந்தது. முட்டைச் சிங்கிகள் கூடும் இடங்களிலேயே மடி இழுத்தார்கள். 1994-க்குள் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

கரையில வியாபாரி, 'இது 150 தேறாது'ன்னு கழிச்சுப் போடுதாரு. அது என்ன கணக்கு? (வாசகர், இடிந்தகரை)

அவர் சொல்வது சரிதான். 2003-இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. முழுச் சிங்கியாக மணல் சிங்கி 150 கிராம். முள் சிங்கிகளில் இனத்தைப் பொறுத்து 200, 300, 500 கிராம். மணல் சிங்கியை வாலாக அனுப்பினால் 45 கிராம் வேண்டும். முழு எடையில் வால் ஏறத்தாழ 30 சதவீதம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. மிச்சம் 70 பங்கும் ஓடும் தலையும். இதற்குக் கொடுக்கு இல்லாததால் காலில் தோண்டித் தின்னவும் ஒன்றும் இல்லை.

ஒவ்வொன்றாக நிறுக்க முடியாத இடத்தில் சுலபமான வழி: கிலோவுக்கு ஆறு நின்றால் சராசரி எடை 150-க்கு மேல். ஏழு நின்றாலே சராசரி கீழே போய்விடும். ஒன்றிரண்டு பெரியது சராசரியைத் தூக்கிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம், விதி ஒவ்வொன்றுக்கும்தான். 150-க்குக் குறைந்ததை உள்ளூரில் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள் என்பதே இந்த விதியின் ஓட்டை. ஏற்றுமதியைத் தடுக்கிறது, பிடிப்பதைத் தடுக்கவில்லை. கடலிலேயே கழித்து விட்டால்தான் அது மறுபடி வளர்ந்து 150 ஆகி வரும். மடியின் கடைசிப் பையில் சதுரக் கண்ணி போட்டால் பாதி வேலை தானே நடக்கும். வழக்கமான வைர வடிவக் கண்ணி இழுப்பில் இறுகி மூடிக்கொள்ளும், சதுரக் கண்ணி திறந்தே நிற்கும்.

இறால் பண்ணை மாதிரி இதை வளர்க்க முடியாதா? (வாசகர், வள்ளியூர்)

முடியும் என்று 2004-இலேயே காட்டியாயிற்று. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கூடத்தில், முட்டையிலிருந்து குஞ்சுச் சிங்கி வரை கொண்டுவந்தார்கள். முட்டையிலிருந்து வருவது 'பில்லோசோமா' என்ற, கண்ணாடித் தாள் போன்ற உயிர். முள் சிங்கிக்கு இந்தப் பருவம் பல மாதம் நீளும். மணல் சிங்கிக்கு நான்கு கட்டம், ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். பிறகு 'நிஸ்டோ' என்ற இடைப்பருவம். அப்போது ஒன்றும் தின்னாது. சில நாளில் ஓடு கழற்றி, அப்பனைப்போலவே குட்டியாக வரும். வளர்க்க நினைப்பவர்கள் முள் சிங்கியைவிட இதன்மேல் கண் வைப்பது இந்தக் குறுகிய பருவத்துக்காகத்தான்.

அப்புறம் ஏன் பண்ணை இல்லை? பில்லோசோமாவின் நீளக் கால்கள் ஒன்றோடொன்று பின்னி ஒடியும். கழிவு கொஞ்சம் சேர்ந்தாலும் பாக்டீரியா ஒட்டும். பொரிப்பகத்துக்காரர்கள் வழக்கமாகக் கொடுக்கும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி உயிர் மட்டும் போதாது, சீப்பு ஜெல்லியும் நறுக்கிய மட்டிச் சதையும் தேடித் தரவேண்டும். நிஸ்டோவாக மாறும் அன்று சாவு அதிகம். ஆயிரக்கணக்கில் குஞ்சு, விலைக்குக் கட்டுப்படியாகிற மாதிரி வரும்வரை இதில் பணம் போடாதீர்கள். கடலில் பிடித்த குஞ்சை வாங்கிக் கொழுக்கவைக்கலாம் என்று யாராவது வந்தால், அது வேறு வழியில் அதே சின்னச் சிங்கியைப் பிடிப்பதுதான்.

மதினி கேக்கச் சொன்னாங்க: சமைக்கிற பக்குவம் என்ன? ரப்பர் மாதிரி ஆயிருது. (வாசகி, திசையன்விளை)

அதிகம் வேகவைக்கிறீர்கள். ஒரு கிலோவுக்கு, அதாவது ஆறு சிங்கிக்கு, மூன்று லிட்டர் தண்ணீரும் 90 கிராம் கல்லுப்பும். உயிரோடு இருந்தால் முதலில் ஐஸில் அரைமணி நேரம் வைத்து மரக்கச் செய்யுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து ஆறு நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுச் சூட்டிலேயே தொடர்ந்து வேகும். வெந்த வால் உள்ளே சுருண்டு இறுகியிருந்தால் உயிரோடு இருந்தது. தொளதொளவென்று நீண்டு கிடந்தால் செத்து நாளானது, மணம் பார்த்து முடிவெடுங்கள்.

தலையையும் வாலையும் இரு கையில் பிடித்துத் திருகினால் பிரியும். துணியால் பிடிக்கவும், ஓரப் பல் கிழிக்கும். வாலின் அடிப்பக்கம் மெல்லிய தோலை இரு ஓரமும் கத்தரித்தால் சதை முழுதாக வரும். நடுவே ஓடும் கருப்பு நரம்பு குடல், அதை உருவிவிடுங்கள்.

வறுவலுக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் அரைத் தேக்கரண்டி சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய ஆறு பல் பூண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் 100 கிராம் வதக்கி, இரண்டு தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சீரகமும் கொரகொரப்பாகப் பொடித்துப் போடுங்கள். வெந்த சதையைக் கடைசியில் சேர்த்து இரண்டே நிமிடம் பிரட்டி இறக்குங்கள். உப்பு ருசி பார்த்துப் போடவும், சதையில் ஏற்கெனவே இருக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பாக்குவது உங்கள் விருப்பம். இதன் இனிப்பு அதில் கரைந்துபோகும் என்பது எங்கள் எண்ணம்.

றால் சாப்பிட்டா தடிப்பு வரும். இது ஒத்துக்குமா? (வாசகர், பணகுடி)

சாப்பிடாதீர்கள். ஒவ்வாமை தரும் முக்கியப் புரதம் இறால், நண்டு, சிங்கி மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. வேகவைத்தாலும் அது அழியாது. வெந்த தண்ணீரின் ஆவி பட்டே சிலருக்கு மூச்சு இரைக்கும், சமைக்கும் இடத்திலும் தள்ளியே இருங்கள்.