கரண்ட் போன ராத்திரியில் ஆக்சிஜன் வருமா?

கேள்வி: அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் ட்ரஸ்ட் நடத்தும் ஆறு படுக்கை கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். நிமோனியாவோடு வரும் குழந்தைகள் அதிகம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் மறுநாள் சாயங்காலம்வரைகூட வராது. சிலிண்டர் ஓசூரிலிருந்து வர வேண்டும். ஒரு நன்கொடையாளர் சோலார் ஆக்சிஜன் வசதி செய்து தர முன்வந்திருக்கிறார். கொட்டேஷன் கொடுத்த ஏஜெண்ட், “3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், அதாவது நிமிடத்துக்கு 10 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்று. இனி சிலிண்டரே வேண்டாம். செயலாளர் வீட்டு இணைப்பில் பதிந்தால் 78,000 ரூபாய் மானியமும் வரும்” என்கிறார். நம்பலாமா? ராத்திரி ஓடுமா?

பதில்: ஓடாது, சிஸ்டர். ராத்திரியை விடுங்கள், கரண்ட் போய்விட்டால் உச்சி வெயிலிலும் ஓடாது.

ஆன்-கிரிட் என்பது கூரையில் வரும் மின்சாரத்தை ஈபி லைனோடு சேர்த்துவிடும் ஏற்பாடு. லைனில் கரண்ட் இல்லையென்றால் அந்த இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் மீது உங்கள் கூரையிலிருந்து ஷாக் பாயக் கூடாதல்லவா? வீட்டில் பில் குறைய வேண்டும் என்பவர்களுக்கு இது அருமையான சாமான். உங்கள் பிரச்சினை பில் இல்லை. மரம் விழுந்த ராத்திரியில் மூச்சு இழுக்கிற குழந்தைக்கு இது ஒரு நிமிடம்கூட உதவாது. பேட்டரி இல்லாத சோலார், தொட்டி இல்லாத போர்வெல் மாதிரி. மோட்டார் ஓடும்போது மட்டும்தான் தண்ணீர்.

அடுத்து அந்த 78,000. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு அந்தத் தொகை உண்டு, உண்மைதான். ஆனால் அது வீடுகளுக்கான திட்டம். ட்ரஸ்ட் கிளினிக் வீடு இல்லை. செயலாளர் வீட்டு இணைப்பில் பதிந்தால் பேனலும் செயலாளர் வீட்டுக் கூரையில்தான் இருக்க வேண்டும். அங்கே பதிந்து இங்கே மாட்டுவது பொய்க் கணக்கு. நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் ஏஜெண்டின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும், கையெழுத்து மட்டும் உங்கள் செயலாளருடையதாக இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இந்த மானியப் பேச்சோடு வருகிறவர்களைப் பார்த்துவிட்டேன். மானியம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மற்ற கேள்விகள் நமக்கு மறந்துபோகும். அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

சரி, ஆன்-கிரிட் என்று சொன்னாலும் உருப்படியாக இருக்கக்கூடிய ஒரே ஒரு வகை உண்டு. ஹைபிரிட் இன்வெர்ட்டர். ஈபியோடும் சேரும், பேட்டரியிலும் சேமிக்கும், கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து கொடுக்கும். நீங்கள் மறுத்துப் பேசியதும் ஏஜெண்ட் உடனே “அப்போ ஹைபிரிட் போட்டுடலாம் மேடம்” என்பார். இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஹைபிரிட் இன்வெர்ட்டரை மட்டும் மாட்டி, பேட்டரியை “அப்புறம் சேர்த்துக்கலாம்” என்று விட்டால் அது பழைய ஆன்-கிரிட்டேதான், விலை மட்டும் கூடுதல். பேட்டரியும் வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் கிளினிக் முழுவதும் எரியாது. பெரும்பாலான ஹைபிரிட்டில் கரண்ட் போனால் கொடுப்பதற்கென்று தனி அவுட்புட் ஒன்று இருக்கும். அதில் இணைத்த பிளக் பாயிண்ட்டுக்கு மட்டும்தான் மின்சாரம் வரும். எலக்ட்ரீஷியன் வார்டு பல்புகளை அதில் இணைத்துவிட்டு, கான்சன்ட்ரேட்டர் பிளக்கை ஈபி பக்கமே விட்டுவிட்டுப் போயிருப்பார். எல்லாப் பல்பும் எரியும், மெஷின் மட்டும் நிற்கும். அதனால் கான்சன்ட்ரேட்டருக்கு என்று ஒரே ஒரு தனி பாயிண்ட், வேறு நிறத்தில், பேக்கப் அவுட்புட்டிலிருந்து நேராக இழுக்கச் சொல்லுங்கள். அந்த அவுட்புட் எத்தனை வாட் தாங்கும் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கான்சன்ட்ரேட்டருக்குள் கம்ப்ரஸர் இருக்கிறது, ஸ்டார்ட் ஆகிற நொடியில் பல மடங்கு இழுக்கும். 350 வாட் மெஷின் என்பதற்காக 500 வாட் இன்வெர்ட்டர் போட்டால் அலாரம் அடித்து நின்றுவிடும். இன்வெர்ட்டர் 2 கேவிஏவுக்குக் குறையாமல், ப்யூர் சைன் வேவ் (ஈபி கரண்ட் போலவே சீராகத் தரும் வகை) என்று எழுதி வாங்குங்கள்.

இனி கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல் மட்டும்தான். 5 லிட்டர் மெஷின் ஏறத்தாழ 350 வாட் எடுக்கும். 24 மணி நேரம் ஓடினால் 8.4 யூனிட். பேட்டரியிலும் இன்வெர்ட்டரிலும் போகிற சேதாரத்தைச் சேர்த்தால் 10 யூனிட் என்று வையுங்கள். 10 லிட்டர் மெஷினுக்கு 600 வாட், சேதாரம் சேர்க்காமலே 14 யூனிட்டைத் தாண்டும். நம் பக்கத்தில் நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் பேனல் 4 யூனிட் தரும், 3 கிலோவாட்டுக்கு 12. ஏஜெண்ட் சொல்லும் 10 லிட்டர் மெஷினை ஒரு முழு நாள் ஓட்ட நல்ல வெயிலிலேயே அது போதாது. புரட்டாசி, ஐப்பசி மேகத்தில் அதில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். “600 வாட்தானே, 3000 வாட் பேனலில் அஞ்சு மெஷின் ஓடும்” என்று ஒரு கணக்கு சொல்வார்கள். உச்சி வெயிலில் சில மணி நேரத்துக்கு மட்டும் அது உண்மை.

ராத்திரிக்கான பேட்டரி: மாலை 6 முதல் காலை 8 வரை 14 மணி நேரம், 350 வாட். கிட்டத்தட்ட 5 யூனிட், சேதாரத்தோடு 6. கடையில் கிடைக்கும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக ஒன்றுக்கு 0.9. 6 யூனிட்டுக்கு ஏழு வேண்டும், ஜோடி ஜோடியாகப் போட வேண்டும் என்பதால் எட்டு பேட்டரி. லித்தியம் என்றால் 10 யூனிட் கொள்ளும் ஒரு பெட்டி போதும். விலை கூட, ஆனால் தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை. மலைக்கு நான் அதைத்தான் சொல்வேன். வீட்டு இன்வெர்ட்டர் போல இரண்டு பேட்டரியோடு வருகிறவரிடம் கணக்குக் கேளுங்கள். 5 மணி நேரத்தில் மெஷின் நின்றுவிடும்.

இதெல்லாம் கிளினிக்குக்கு ரொம்பப் பெரிய ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். உகாண்டாவில் ஜிஞ்சா நகர மருத்துவமனையில் முதன்முதலாகச் செய்து பார்த்தபோது 300 வாட் மெஷின் ஒன்றுக்காக 80 வாட் பேனல் 25, 220 ஏஎச் பேட்டரி எட்டு வைத்தார்கள். பிறகு அங்கே 20 கிராமப்புற மருத்துவ நிலையங்களில் சோலார் ஆக்சிஜனைக் கொண்டுவந்து ஆய்வு செய்தார்கள். ஆக்சிஜன் குறைந்து வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறப்பவர்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தார்கள் என்று 2024இல் லான்செட் இதழில் வந்தது. ஆக, நன்கொடையாளரின் எண்ணம் சரியானதுதான். கொட்டேஷன்தான் தப்பு.

10 லிட்டர் மெஷின் உங்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நிமோனியாக் குழந்தைக்கு அரை லிட்டரிலிருந்து 2 லிட்டர்வரைதான் தேவைப்படும். 5 லிட்டர் மெஷினோடு ஃப்ளோ ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கினால் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதே பணத்தில் இன்னொரு 5 லிட்டர் மெஷினை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று படுத்தால் மற்றொன்று. மாஸ்க் வைத்து 10, 15 லிட்டர் தேவைப்படுகிற பெரியவர்கள் வந்தால் அவர்களை நீங்கள் வைத்துக்கொள்ளவே கூடாது. சிலிண்டரில் போட்டு 108இல் ஏற்றுங்கள்.

மெஷினைவிட முதலில் வாங்க வேண்டியது நல்ல ஆக்சிமீட்டர், அதுவும் குழந்தைகளுக்கான ப்ரோபோடு. பெரியவர் விரலில் மாட்டுகிற கிளிப் கைக்குழந்தைக்குச் சரியாகக் காட்டாது. அதில் ரீடிங் 90க்குக் கீழே போனால் ஆக்சிஜன் கொடுங்கள். ஆக்சிமீட்டர் இல்லாமல் கண்ணால் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் பேட்டரியும் வீண்.

“சிலிண்டரே வேண்டாம்” என்ற பேச்சை மட்டும் காதில் வாங்கவே வாங்காதீர்கள். 1500 லிட்டர் பிடிக்கும் சின்ன பி-டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 1 லிட்டர் போனால் 25 மணி நேரம் வரும். அதற்கு கரண்டும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். இரண்டை எப்போதும் நிரப்பி வையுங்கள். கொண்டுவருகிறவர் முழுக் கறுப்பில் சிலிண்டர் இறக்கினால் திருப்பி அனுப்புங்கள், அது வெல்டிங் பட்டறைக்குப் போகிறது. மருத்துவ ஆக்சிஜனுக்குக் கறுப்பு உடம்பு, தோள் வெள்ளை.

பணம் கொடுக்கிற விதத்தில்தான் உங்கள் பிடி இருக்கிறது. 20 சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். மாட்டி முடித்ததும் ஒரு நாள் மாலை 6 மணிக்கு மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். மெஷினை 5 லிட்டரில் வைத்து காலை 8 மணிவரை ஓட விடுங்கள். ஏஜெண்டின் ஆள் கிளினிக்கிலேயே இருக்கட்டும், அனலைசரோடு. தொடக்கத்திலும் நடுராத்திரியிலும் காலையிலும் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று எழுதி வையுங்கள். நல்ல மெஷின் 90க்கு மேல் காட்டும். உலக சுகாதார நிறுவனம் 82க்குக் கீழே ஏற்பதில்லை. 2021 கோவிட் நேரத்தில் வந்து இறங்கிய மலிவு மெஷின்களில் ஃப்ளோவைக் கூட்டக் கூட்ட வெறும் காற்று வந்தவை உண்டு. சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கும், காதால் கண்டுபிடிக்க முடியாது. இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள். “அதெல்லாம் கம்பெனி டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புது” என்பவரிடம் நிச்சயமாக வாங்காதீர்கள்.

பராமரிப்பு பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த கோவிட் வருடம் வந்த மெஷின்கள் எத்தனை ஸ்டோர் ரூமில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கின்றன தெரியுமா? கேட்டால், வாங்க நிதி இருந்தது, ஃபில்டர் மாற்ற ‘ஹெட்’ (செலவுக் கணக்கில் தலைப்பு) இல்லை என்பார்கள். ஓடாமல் கிடந்தால் உள்ளே நைட்ரஜனைப் பிடிக்கிற சியோலைட் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். மாதம் ஒரு முறையாவது ஓட்டுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப ஆளில்லை. உங்கள் ட்ரஸ்டாவது இதைச் செய்யட்டும். வெளி ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவி நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பக்கத்தில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ கூடவே கூடாது. லைன் முடிகிற ஊர் என்றால் லோ வோல்டேஜ் இருக்கும், ஸ்டெபிலைசர் போடுங்கள். அந்தத் தனி பாயிண்டில் யாரும் கெட்டிலைச் சொருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூரையில் வயரைப் பைப்புக்குள் விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் குரங்கு முதல் வாரமே இழுத்துவிடும்.

நன்கொடையாளரிடம் பேசும்போது ஒன்றைக் கறாராகக் கேளுங்கள். பேனலில் பெயர் எழுத எல்லோருக்கும் ஆசை, ஐந்தாவது வருடம் பேட்டரி மாற்ற யாரும் வருவதில்லை. அதனால் மொத்தப் பணத்தையும் மாட்டுவதிலேயே தீர்க்காமல், ஒரு பகுதியை பேட்டரிக்கும் ஃபில்டருக்கும் என்று ட்ரஸ்ட் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். அதற்காகப் பேனலை 3 கிலோவாட்டோடு நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். கரண்ட் இருக்கிற நாட்களில் ஈபியிலிருந்தே பேட்டரி நிறைந்துவிடும். பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.