மூச்சை ஊதி லிவர் நோயைக் கண்டுபிடிக்கலாமா? கேள்வி பதில்

பண்ணைக்காடு தம்பி: அக்கா, ஊதிப் பாத்தே லிவர் கெட்டிருக்கான்னு சொல்லிடலாமாமே, நிஜமா?

நிஜம்தான் தம்பி, ஆனா பெரும்பாலும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. நம்ம தாண்டிக்குடிப் பக்கம் கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினா கும்முனு வாசம் வரும்ல, அந்த எண்ணெய்ல முக்காவாசிக்கு மேல லிமோனீன்ங்கிற வாசப்பொருள்தான். சாப்பாட்டோட உள்ள போற லிமோனீனை நல்ல லிவர் உடைச்சு மாத்திடும், சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன லிவரால சரியா முடியாது, அதனால அது ரத்தத்துலயே நின்னு நுரையீரல் வழியா மூச்சுல வருது. இங்கிலாந்துல பர்மிங்காம்ல செஞ்சு 2015-ல வந்த ஆய்வுல, லிவர் மாற்று ஆபரேஷன் முடிஞ்சப்புறம் மூச்சுல இருந்த லிமோனீன் சில நாள்ல கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சதைப் பாத்தாங்க. எனக்கு இதுதான் பெரிய ஆதாரமாப் படுது, ஏன்னா ஆள் அதே ஆள்தான், மாறினது லிவர்.

பூம்பாறை அண்ணன்: நாங்க மலைப்பூண்டு தின்னுட்டு ஊதினா?

நல்ல கேள்விண்ணே. லிவர் ரொம்ப முத்திப்போனா மூச்சுல ஒரு மக்கின, தித்திப்பான நாத்தம் வரும், அதுக்கு முக்கிய காரணம் டைமெத்தில் சல்ஃபைடு, அதுவும் கந்தகம் சேர்ந்த பொருள்தான். பூண்டு வாடையும் கந்தகம்தான், அது பல் விளக்கினாலும் போகாது, ரத்தம் வழியா நுரையீரல்லேர்ந்து வருது. அதனால வீட்ல மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க.

பெருமாள்மலை தங்கச்சி: போலீஸ் ஊதச் சொல்ற மெஷின்ல தெரியுமா?

தெரியாதும்மா, அது சாராயத்தை மட்டும்தான் பாக்கும்.

வத்தலகுண்டு தம்பி: ஏதோ குடிக்கக் குடுத்துட்டு ஊதச் சொல்வாங்களாமே?

அது மெத்தாசெட்டின் டெஸ்ட். கார்பன் 13, அதாவது கொஞ்சம் கனமான கார்பன் வகை சேர்த்த மருந்து, கதிர்வீச்சு கிடையாது, பயப்படாதீங்க. லிவர் அதை உடைக்க உடைக்க அந்தக் கார்பன், கார்பன் டை ஆக்சைடா மூச்சுல வரும், எவ்வளவு வேகமா வருதுன்னு பாத்து லிவர் எவ்வளவு வேலை செய்யுதுன்னு கணிக்கறாங்க. பீடி சிகரெட் பழக்கம் இருந்தா அதை உடைக்கிற என்சைம் கூடிடும், ரிசல்ட் ஏமாத்தும், அதனால மறைக்காம சொல்லிடுங்க.

கொடைக்கானல் தங்கச்சி: அப்பாவுக்கு சிரோசிஸ்க்கா. பகல்ல தூங்குறார், ராத்திரி முழிச்சிருக்கார், பேச்சும் கொஞ்சம் குழறுது. இந்த டெஸ்டுக்கு எங்க போறது?

இப்ப டெஸ்டைத் தேடாதம்மா, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. லிவர் வடிகட்டாத அம்மோனியா மாதிரி கழிவு மூளைக்கு ஏறினா இப்படித்தான் தூக்கம் தலைகீழாகும். மலச்சிக்கல் இருந்தா, வாந்தியில ரத்தமோ கருப்பு மலமோ பாத்திருந்தா, தூக்க மாத்திரை ஏதாவது குடுத்திருந்தா டாக்டர்கிட்ட மொதல்ல அதைச் சொல்லு. நேரமாகுதுன்னா 108-க்குப் போடு.