எஃப்.டி. போடப் போனார், பாண்டுடன் வந்தார்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்தில் இருக்கிறார். முதிர்ந்த 3 லட்ச ரூபாய் டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனார். "இதுல போடுங்கம்மா, வட்டி அதிகம்" என்று கையெழுத்து வாங்கினார்கள். நாமினி என்று சொல்லி என்னிடமும் வாங்கினார்கள். இப்போது கூரியரில் ஆயுள் காப்பீட்டு பாண்டு வந்திருக்கிறது. காப்பீடு என் உயிருக்கு! ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 10 ஆண்டு கட்ட வேண்டுமாம். வந்து 19 நாள் ஆகிறது. "மாசக் கடைசியில வாங்க, சரி பண்ணிடலாம்" என்கிறார் வங்கி அதிகாரி. பணம் திரும்புமா?
தஞ்சாவூர் வாசகர்

பதில்: திரும்பும். ஆனால் மாசக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே போங்கள், அதுவும் வங்கிக்கு இல்லை, காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு. வங்கி இங்கே வெறும் ஏஜென்ட்தான்.

பாண்டு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பாலிசியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். இதை 'ஃப்ரீ லுக்' என்பார்கள். காகித பாண்டுக்கு முன்பு 15 நாள்தான் இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து எல்லாவற்றுக்கும் 30. கவுன்டரில் இன்னமும் 15 என்று சொல்பவர்கள் உண்டு, நம்பாதீர்கள். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, இத்தனை நாள் காப்பீடு இருந்ததற்கான சிறு தொகை, இவ்வளவுதான் பிடிப்பார்கள். அப்படித் திருப்பினால் விற்றவருக்குப் போன கமிஷனும் திரும்பிப் போகும். அவர் ஏன் மாசக் கடைசி என்கிறார் என்று இப்போது புரிகிறதா? இந்தத் தொழிலில் இருந்தவன் நான். அவர் சொல்லும் அந்த நாள், பெரும்பாலும் உங்கள் 31-வது நாளாக இருக்கும்.

கடிதத்தில் கதை எழுத வேண்டாம். "பாலிசியின் நிபந்தனைகள் எங்களுக்கு ஒத்துவரவில்லை, ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரவும்" என்றால் போதும். அம்மா கையெழுத்திடட்டும். பாண்டையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் இணையுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள். அன்றே அதே கடிதத்தை நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஏமாற்றி விற்றதைப் பற்றிய புகார் தனி. அதை இதில் கலந்தால், "விசாரிக்கிறோம்" என்று நாளைக் கடத்துவார்கள்.

ஒரே ஒரு சிக்கல் வரலாம். "பாண்டை மின்னஞ்சலில் முன்பே அனுப்பிவிட்டோம், அன்றிலிருந்தே கணக்கு" என்று நிறுவனம் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் ப்ரொபோசல் ஃபாரத்தின், அதாவது பாலிசி கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின், நகலை எடுத்துப் பாருங்கள். பாண்டோடு வைத்திருப்பார்கள். அதில் யாருடைய மின்னஞ்சல், யாருடைய கைபேசி எண் இருக்கிறது? அம்மாவுக்கு மின்னஞ்சலே இல்லாமல் இருக்கும், ஃபாரத்தில் ஏதோ ஒரு முகவரி இருக்கும். சில நேரம் விற்றவருடையதே இருக்கும்! அப்படியானால் பாண்டு உங்களுக்கு வந்தது கூரியரில்தான். அதையும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். கூரியர் உறையைக் குப்பையில் போட்டிருந்தால் கூரியர் நிறுவனத்திடம் டெலிவரி தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், நாமினி கையெழுத்து. நாமினி கையெழுத்துப் போட வேண்டிய வேலையே இல்லை. உங்கள் பெயரில் காப்பீடு எடுக்கத்தான் வாங்கியிருக்கிறார்கள். 58 வயதுக்குக் காப்பீட்டுச் செலவு அதிகம், இளவயதுக்குக் குறைவு; அதனால் பிள்ளையைக் கோத்துவிடுவது வழக்கம். "ஒரு கால் வரும், எல்லாத்துக்கும் எஸ் சொல்லுங்க" என்றும் சொல்லியிருப்பார்களே? அந்தப் பதிவுதான் நாளைக்கு அவர்களுடைய சாட்சி. தேவை அறியும் படிவம் என்று ஒன்று உண்டு, வாடிக்கையாளரைக் கேட்டு நிரப்ப வேண்டியது. அதையும் அதிகாரியே நிரப்பிக்கொள்கிறார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) படிவத்துக்கு மேல் படிவம் போடுகிறது, கிளையில் டார்கெட் அப்படியே இருக்கிறது.

நேர்மையாக விற்பவர் முதலில் கேட்டிருப்பார்: அம்மாவின் வருமானத்தை நம்பி யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் அவருக்கு ஆயுள் காப்பீடே வேண்டாம், மருத்துவக் காப்பீடுதான் வேண்டும். உங்களை நம்பிக் குடும்பம் இருந்தால் உங்களுக்கு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு, போதும்.

நிறுவனம் மறுத்தால், அல்லது ஒரு மாதம் பதில் இல்லையென்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலுக்கு அங்கே இடமும் இல்லை. ஓராண்டுக்குள் போக வேண்டும். இதற்கிடையில் "ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுகிறோம், இன்னொரு பாலிசி போட்டால் பழைய பணம் விடுபடும்" என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். அந்த ஆணையம் பாலிசி விற்பதில்லை.

பணம் வந்ததும் 2 ஆண்டு டெபாசிட்டாக மட்டும் போடுங்கள். அதற்குள் அம்மாவுக்கு 60 ஆகிவிடும், மூத்த குடிமக்களுக்கான வட்டி கிடைக்கும்.